பத்து மணிச் செய்தி: பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஓர் அரைமணி நேரத்தின் வரலாறு

பிரிட்டனின் வணிகத் தொலைக்காட்சியான ஐ.டி.வி.யில் 1967 ஜூலை 3 அன்று இரவு பத்து மணிக்குத் தொடங்கிய 'நியூஸ் அட் டென்' என்னும் செய்தி நிகழ்ச்சிக்கு முதலில் கிடைத்த அனுமதி பதின்மூன்று வாரங்களுக்கு மட்டுமே. சோதனை முயற்சி என்ற பெயரில் தயக்கத்தோடு தரப்பட்ட அந்த இடத்தில் நிகழ்ச்சி ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டுகள் நிலைத்து, அந்நாட்டு மக்களின் இரவு வழக்கங்களுள் ஒன்றாகி, 1999இல் நீக்கப்பட்டு, 2001இல் அரைகுறையாகத் திரும்பி, 2004இல் மறுபடியும் நகர்த்தப்பட்டு, 2008இல் மூன்றாம் முறையாகப் பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதில் தோன்றிய புகழ்பெற்ற முகங்களின் வரிசையாகவே அதைச் சொல்கின்றனர். முகங்களுக்கு அதில் பங்கு உண்டு என்றாலும், நிகழ்ச்சியின் பிறப்பு, நீக்கம், மீட்சி ஆகிய மூன்றையும் முடிவு செய்தது ஒரே கேள்விதான்: விளம்பரதாரர்கள் அதிக விலை கொடுக்க முன்வரும் இரவு நேரத்தின் ஓர் அரைமணி, அந்த நேரத்தை விற்கும் நிறுவனங்களுக்கு உரியதா, அலைவரிசையை அவற்றுக்கு ஒப்படைத்த பொதுமக்களுக்கு உரியதா?

இக்கேள்வி எழுந்ததற்கு ஐ.டி.வி. அமைக்கப்பட்ட விதமே காரணம். 1954ஆம் ஆண்டின் தொலைக்காட்சிச் சட்டம் பி.பி.சி.யின் தனியுரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தபோது, நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்துத் தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கவும் எல்லாவற்றையும் மேற்பார்வையிடவும் சுதந்திரத் தொலைக்காட்சி ஆணையம் என்னும் பொது அமைப்பை ஏற்படுத்தியது. செய்தி துல்லியமாகவும் நடுநிலையோடும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் விதி. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே தேசியச் செய்தி தயாரிப்பது இயலாத காரியம். ஆகவே அவை அனைத்தும் சேர்ந்து 1955இல் ஐ.டி.என். என்ற பொதுச் செய்தி நிறுவனத்தை உருவாக்கின. செய்தியைத் தயாரிப்பது ஐ.டி.என்.; அதற்கான பணத்தையும் ஒளிபரப்பு நேரத்தையும் கொடுப்பவை பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளால் இலாபம் ஈட்டும் வட்டார நிறுவனங்கள். பின்னாளில் மூண்ட பூசல்கள் அனைத்தின் விதையும் இந்த ஏற்பாட்டில் இருந்தது.

ஐ.டி.வி. 1955 செப்டம்பர் 22 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியபோது பி.பி.சி.யின் தொலைக்காட்சிச் செய்தி ஓராண்டு வயதே ஆனதாக இருந்தது. 1954 ஜூலை 5 முதல் வந்துகொண்டிருந்த அந்தச் செய்தியில், வாசிப்பவரின் முகபாவம் செய்தியின் நடுநிலையைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்தால், நிழற்படங்களும் வரைபடங்களும் திரையில் தோன்ற, வாசிப்பவரின் குரல் மட்டுமே பின்னணியில் ஒலித்தது. போட்டியாளர் வரப்போவது உறுதியான பின்னர், அவர் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், வாசிப்பாளர்களின் முகத்தைக் காட்ட பி.பி.சி. இணங்கியது. ஐ.டி.என்.னோ தொடக்கத்திலிருந்தே 'நியூஸ்காஸ்டர்' என்ற முறையைக் கைக்கொண்டது. பிறர் எழுதிக் கொடுத்ததை வாசிப்பதோடு நில்லாமல், செய்தியைத் தேர்வதிலும் தம் நடையில் எழுதுவதிலும் பங்கேற்றுத் தம் பெயரோடு திரையில் தோன்றுபவரையே அச்சொல் குறித்தது. ஓட்டப்பந்தய வீரராகப் புகழ்பெற்றிருந்த கிறிஸ்டோபர் சாட்டவேயும், அரசியல்வாதிகளைக் குறுக்குக் கேள்வி கேட்பதில் வல்லவரான ராபின் டேயும் அம்முறையின் முதல் முகங்கள். நாடாளுமன்றத்தில் அடுத்த பதினான்கு நாட்களுக்குள் விவாதத்துக்கு வரவிருக்கும் பொருளை ஒளிபரப்பில் விவாதிக்கக் கூடாது என்றொரு விதி அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது என்பதையும், 1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடியின்போதுதான் அது செயலிழந்தது என்பதையும் நினைத்தால், அமைச்சர் ஒருவரை நேருக்கு நேர் அமர்த்திக் கேள்வி கேட்பது எத்தகைய துணிவாகக் கருதப்பட்டிருக்கும் என்பது விளங்கும்.

1956இல் ஐ.டி.என்.னின் ஆசிரியர் பொறுப்பை ஏற்ற ஜெஃப்ரி காக்ஸ் நியூசிலாந்தில் பிறந்தவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது முற்றுகையிடப்பட்ட மாட்ரிட் நகரிலிருந்து செய்தி அனுப்பிய அனுபவம் உடையவர். கால் மணி நேரத்துக்கும் குறைவான இரவுச் செய்தியில் தலைப்புகளை அடுக்குவதற்கே நேரம் போதாது என்பதும், களத்திலிருந்து வரும் படச்சுருளை அதற்குரிய நீளத்தில் காட்டவும் பின்னணியை விளக்கவும் அரைமணி நேரம் வேண்டும் என்பதும் அவருடைய நெடுநாள் வாதம். அமெரிக்காவில் சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய இரண்டும் 1963 செப்டம்பரிலேயே மாலைச் செய்தியை அரைமணி நேரமாக்கியிருந்தன, என்.பி.சி.யின் ஹண்ட்லி, பிரிங்க்லி என்னும் இருவர் இணைந்து வழங்கிய முறையும் கண்முன் இருந்தது. ஆனால் உச்ச நேரம் எனப்படும், பார்வையாளர் எண்ணிக்கையும் அதனால் விளம்பரக் கட்டணமும் மிகுந்திருக்கும் மாலை நேரத்தின் நடுவே, நாள்தோறும் அரைமணியைச் செய்திக்குத் தாரை வார்ப்பது வட்டார நிறுவனங்களுக்குக் கசந்தது. செய்தி தொடங்கியதும் மக்கள் பி.பி.சி.க்கு மாறிவிட்டால், அதற்குப் பின்வரும் நிகழ்ச்சிகளும் படுத்துவிடும் என அவை அஞ்சின. வட்டார உரிமங்கள் மறுபரிசீலனைக்கு வந்திருந்த 1967ஆம் ஆண்டில் ஆணையத்தின் விருப்பத்தை முற்றாகப் புறக்கணிக்க எந்த நிறுவனத்துக்கும் துணிவில்லை. ஆணையம் வற்புறுத்த, காக்ஸ் விடாமல் வாதாட, பதின்மூன்று வாரச் சோதனை என்ற சமரசம் பிறந்தது. மக்கள் கேட்டதால் வந்த நிகழ்ச்சி அன்று அது.

நிறுவனங்களின் அச்சம் சில வாரங்களிலேயே பொய்த்தது. அலஸ்டர் பர்னெட், ஆண்ட்ரூ கார்ட்னர் ஆகிய இருவர் வழங்கத் தொடங்கிய நிகழ்ச்சி, நாட்டில் அதிகம் பார்க்கப்படும் நிகழ்ச்சிகளின் பட்டியலில் நாடகங்களோடும் கேளிக்கைகளோடும் இடம்பிடித்தது. பர்னெட் அப்போது 'தி எக்கனாமிஸ்ட்' இதழின் ஆசிரியர் என்பது, பொழுதுபோக்கு அலைவரிசை என்று ஏளனம் செய்யப்பட்ட ஐ.டி.வி.க்கு ஒரு கௌரவத்தைச் சேர்த்தது. ஏடனின் கிரேட்டர் பகுதிக்குள் பிரிட்டிஷ் படை மீண்டும் நுழைந்த காட்சி முதல் வாரத்திலேயே திரைக்கு வந்து, அரைமணி நேரம் எதற்காகத் தேவை என்பதை வாதமின்றி நிறுவியது.

நிகழ்ச்சியின் அமைப்பு அதன் வெற்றிக்குப் பெரிதும் துணைநின்றது. வெஸ்ட்மின்ஸ்டர் கோபுரக் கடிகாரத்தின் முகம் திரையை நிறைக்க, பிக் பென் மணியின் ஒவ்வோர் அடிக்கும் இடையே ஒரு தலைப்புச் செய்தி சொல்லப்படும். தலைப்பு ஒரே மூச்சில் முடிந்தாக வேண்டும். ஒரு சொல் கூடினாலும் அடுத்த அடி அதை விழுங்கிவிடும். எனவே தலைப்பு எழுதுவோர் செய்தியைத் தந்தி போலச் சுருக்கக் கற்றனர். 'பாங்' என்று அந்நாட்டார் குறிப்பிடும் அவ்வொலி நேரடியாக அன்றிப் பதிவிலிருந்தே எடுத்தாளப்பட்டது; அதனால்தான் பழுதுபார்ப்புக்காக 2017 முதல் பிக் பென் மணி நீண்ட காலம் அடங்கியிருந்தபோதும் நிகழ்ச்சியில் அது தடையின்றி ஒலித்தது. ஜானி பியர்சன் இயற்றிய 'தி அவேக்கனிங்' என்னும் இசைத்துண்டு முகப்பிசையானது. நடுவில் ஒரு விளம்பர இடைவேளை வந்தது. போரும் பஞ்சமும் விபத்தும் சொல்லி முடித்த பின், 'இறுதியாக' என்ற பொருள்படும் சொற்களோடு விலங்கைப் பற்றியோ வினோதமான மனிதரைப் பற்றியோ ஓர் இலகுவான செய்தி தரப்படுவதும் வழக்கமாயிற்று. அறிவுலகம் இதனைச் சற்று மட்டமாகவே பார்த்தது. இருப்பினும் மூன்றாண்டுகளில், 1970 செப்டம்பர் 14 அன்று, பி.பி.சி.யும் தன் முதன்மைச் செய்தியை ஒன்பது மணிக்கு நிலைநிறுத்தியது. அதன் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிரிட்டனில் ஒன்பது மணி ஒருவருக்கும் பத்து மணி மற்றவருக்கும் என எழுதப்படாத பாகப்பிரிவினை நிலவியது.

அக்காலத்துச் செய்தித் தயாரிப்பின் நடைமுறை இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கக் கூடியது. பதினாறு மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்ட காட்சி, விமானத்திலோ மோட்டார் சைக்கிளிலோ லண்டனை அடைந்து, இரசாயனத் தொட்டியில் கழுவப்பட்டு, உலர்த்தப்பட்டு, கத்தரித்து ஒட்டப்பட்ட பிறகே ஒளிபரப்புக்கு ஏறியது. நெகட்டிவ் இன்றி நேரடியாகப் பாசிட்டிவ் பிம்பத்தைத் தரும் 'ரிவர்சல்' வகைச் சுருளைப் பயன்படுத்தியதால் பிரதி எடுக்கும் நேரம் மிஞ்சியது. ஆனால் சுருள் ஒன்றே ஒன்று என்பதால், வெட்டுவதில் நேரும் பிழைக்குப் பரிகாரம் கிடையாது. பத்து மணிக்குச் செய்தி என்பதால் ஒன்பது மணிக்காரர்களைவிடக் கிடைத்த ஒரு மணி நேரம், இந்தத் தொழில்நுட்பத்தில் சிறிய அனுகூலம் அன்று. 1970களின் இறுதியில் மின்னணுக் கேமராக்கள் வந்தபின் கழுவும் வேலை ஒழிந்தது. எனினும் படம் அனுப்பும் வழி இல்லையேல் எந்தக் கேமராவும் பயன்படாது என்பதை 1982ஆம் ஆண்டின் ஃபாக்லாந்துப் போர் காட்டியது: கடற்படைக் கப்பல்களிலிருந்து செயற்கைக்கோள் வழியே படம் அனுப்ப வசதி இல்லாததால், சில காட்சிகள் லண்டனை அடைய மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அதைவிட விரைவாக, 1854இல் கிரிமியப் போரின் குதிரைப்படைத் தாக்குதலைப் பற்றிய புகழ்பெற்ற கடிதம் இருபது நாளில் லண்டன் நாளிதழில் அச்சேறியிருந்தது. ஃபாக்லாந்துப் போருக்குப் பின் பத்தாண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. போஸ்னியாவின் ஓமர்ஸ்கா, டிர்னோபோல்யே முகாம்களில் 1992 ஆகஸ்ட் 5 அன்று ஐ.டி.என். குழுவினர் படமெடுத்த எலும்பும் தோலுமான கைதிகளை மறுநாள் இரவே பிரிட்டன் பார்த்தது, அடுத்த சில நாட்களில் உலகமே பார்த்தது.

திரையில் யார் தோன்றலாம் என்பதும் மெல்ல மெல்லவே மாறியது. ஐ.டி.என். தொடங்கிய 1955இலேயே பார்பரா மாண்டெல் நண்பகல் செய்தியை வழங்கினார். ஆனால் இரவின் முதன்மைச் செய்திக்குப் பெண்குரல் பொருந்தாது என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. 1960இல் பி.பி.சி.யில் இரவுச் செய்தி வாசித்த நான் விண்டன், பார்வையாளர்களுக்கு அது ஏற்புடையதாக இல்லை என்று கூறி விலக்கப்பட்டார். 1978இல் ஆனா ஃபோர்டு 'நியூஸ் அட் டென்' மேசைக்கு வந்தபோது, பத்திரிகைகள் அவருடைய செய்தி வழங்கலைவிட உடையையும் தோற்றத்தையும் பற்றியே அதிகம் எழுதின. டிரினிடாட் தீவில் பிறந்து 1973இல் ஐ.டி.என்.னில் சேர்ந்த டிரெவர் மெக்டொனால்டு 1992இல் நிகழ்ச்சியின் ஒரே வாசிப்பாளராக ஆக்கப்பட்டது அதைவிட ஆழமான மாற்றம். முன்னாள் காலனியிலிருந்து வந்த கறுப்பின மனிதர் ஒருவரின் குரல் அந்நாட்டின் மிக நம்பகமான குரல்களுள் ஒன்றானது. கொழும்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் அழகையா, 2003 முதல் பி.பி.சி.யின் ஆறு மணிச் செய்தியை வழங்கியபோது, அந்தப் பாதை ஏற்கெனவே நடந்து பழகிய பாதையாக இருந்தது.

நிகழ்ச்சியின் வீழ்ச்சி அதன் தரத்தால் நேர்ந்தது அன்று. 1990ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம் வட்டார உரிமங்களை ஏலத்தில் விடச் செய்தது. பெருந்தொகை கொடுத்து உரிமம் எடுத்த நிறுவனங்கள் 1993 முதல் ஒவ்வொரு நிமிடத்தையும் வருவாய்க் கணக்கில் எடைபோட்டன. வயது வந்தோருக்கான காட்சிகளை ஒன்பது மணிக்கு முன் காட்டக் கூடாது என்ற விதி இருந்ததால், திரைப்படம் ஒன்பதுக்குத் தொடங்கியாக வேண்டும். பத்து மணிச் செய்தியோ அதை நடுவில் வெட்டியது. படத்தின் பாதியில் செய்தி வர, மீதியைப் பார்க்கப் பார்வையாளர் அரைமணி காத்திருக்க வேண்டிய நிலை உண்மையிலேயே எரிச்சலூட்டுவது என்பதை நிறுவனங்களின் பக்க நியாயமாக ஏற்கத்தான் வேண்டும். 1993இல் செய்தியை நகர்த்த அவை முயன்றபோது, பிரதமர் ஜான் மேஜர் உட்பட அரசியல் தலைவர்கள் எதிர்த்தனர். ஒழுங்குமுறை ஆணையமும் மறுத்தது. ஐந்தாண்டுகள் கழித்து அதே ஆணையம் இசைந்தது. 1999 மார்ச் 5 அன்று 'நியூஸ் அட் டென்' நிறுத்தப்பட்டு, மாலை ஆறரைக்கு ஒரு செய்தியும் இரவு பதினொன்றுக்கு மற்றொன்றும் வந்தன.

பழகிய நேரத்தை விட்டகன்ற செய்தியைத் தேடிச் செல்லும் பார்வையாளர் குறைவு. இரவுச் செய்தியின் பார்வையாளர் எண்ணிக்கை பெருமளவு சரிய, 2000இல் ஆணையம் செய்தியை முந்தைய நேரத்துக்குக் கொண்டுவருமாறு பணித்தது, ஐ.டி.வி. நீதிமன்றத்தை நாடப் புறப்பட்டு, இறுதியில் சமரசத்துக்கு வந்தது. அதற்குள் பி.பி.சி.யின் தலைமை இயக்குநர் கிரெக் டைக், ஒன்பது மணிச் செய்தியைப் பத்துக்கு மாற்றப்போவதாக எடின்பரோவில் அறிவித்திருந்தார். அடுத்த ஆண்டுக்கெனத் திட்டமிட்ட அம்மாற்றத்தை அவர் அவசரமாக முன்கொணர்ந்து 2000 அக்டோபர் 16 அன்றே நிறைவேற்றினார். 2001 ஜனவரி 22 அன்று 'நியூஸ் அட் டென்' திரும்பியபோது அதன் நாற்காலியில் பி.பி.சி. அமர்ந்திருந்தது. போதாக்குறைக்கு, வாரத்தில் மூன்று இரவுகள் மட்டுமே பத்து மணி உறுதி செய்யப்பட்டிருந்தது. மற்ற இரவுகளில் நேரம் மாறியதால், 'எத்தனை மணிச் செய்தி?' என்ற பொருளில் பத்திரிகைகள் அதற்குக் கேலிப்பெயர் சூட்டின. 2004இல் அது பத்தரைக்குத் தள்ளப்பட்டது. பி.பி.சி.யின் தலைவர் பதவியிலிருந்து ஐ.டி.வி.க்கு வந்த மைக்கேல் கிரேடு, 2008 ஜனவரி 14 அன்று, ஓய்விலிருந்த மெக்டொனால்டை ஜூலி எட்சிங்கமோடு அமர்த்திப் பத்து மணியை மீட்டார். ஆனால் அந்நேரத்தில் செய்தி பார்க்க பி.பி.சி.யைத் திருப்பும் வழக்கம் அதற்குள் வேரூன்றிவிட்டது, பழைய முதலிடம் திரும்பவில்லை.

செய்தியை அகற்றினால் வருவாய் பெருகும் என்ற கணக்கைவிட, 1967இல் செய்தி வந்தால் வருவாய் குன்றும் என்ற கணக்கு எவ்வகையிலும் கூடுதல் தவறானதாக இருக்கவில்லை. இரண்டும் ஒரே அளவு தவறு, 1967இன் தவறைத் திருத்த அன்று ஒரு வலிமையான ஆணையம் இருந்தது என்பதே வேறுபாடு. 2015 அக்டோபரிலிருந்து டாம் பிராட்பி முதன்மை வாசிப்பாளராக இருக்க, 'நியூஸ் அட் டென்' வார நாட்களில் பத்து மணிக்கு, அதே மணியொலியோடு தொடர்கிறது. 2022 மார்ச்சில் ஐ.டி.வி. தன் செய்தி ஒன்றுக்கு முழு ஒரு மணி நேரம் ஒதுக்கியபோது, அதைப் பத்து மணிக்கு வைக்கவில்லை. மாலை ஆறரைக்கு வைத்தது.