ஃபீல் ஆற்றங்கரையில் ஒரு பந்தயத் திடல்

அயர்லாந்தின் தென்மேற்கே, கெர்ரி மாவட்டத்தின் வடக்கில் லிஸ்டோல் என்றொரு சிற்றூர். ஆண்டுதோறும் செப்டம்பரில் ஏழு நாட்கள் அங்கே குதிரைப் பந்தயம் நடக்கிறது. அறுவடைத் திருவிழா என்பது அதன் பெயர். விளைச்சல் வீடு சேர்ந்து, உழவர் கையில் காசு புழங்கும் பருவம். அந்தக் காசில் ஒரு பங்கு பந்தயத் தரகர்களின் பைக்குப் போய்விடும் என்பது எல்லோரும் அறிந்ததே, அறிந்தே வருகிறார்கள்.

திடலைத் 'தீவு' என்கிறார்கள் ஊரார். ஃபீல் ஆறு வளைந்தோடும் இடம். ஊரிலிருந்து பாலத்தைக் கடந்தால் திடல். குதிரைகள் இடப்புறமாகத் திரும்பி ஓடும் சமதளப் பாதை. ஆண்டின் பெரிய பந்தயமான 'கெர்ரி நேஷனல்' ஏறத்தாழ மூன்று மைல், தடைகளைத் தாண்டி ஓடுவது.

இந்தப் பந்தயம் லிஸ்டோலில் பிறந்ததன்று. ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் தொலைவில், பாலிபனியனுக்கு அருகே காஷன் ஆறு கடலில் கலக்கும் பாலியே மணற்பரப்பில் ஓடியது. (காஷன் என்பதும் இதே ஃபீல் ஆற்றின் கடைசிப் பகுதிதான்.) 1834 ஜூன் 24, புனித யோவான் திருநாள். அன்றைய பந்தயத்துக்கு இரு கட்சிகள் தடிகளோடும் கற்களோடும் வந்திருந்தன: ஒருபுறம் கூலின்கள், மறுபுறம் மல்விஹில், லாலர் குடும்பத்தார். இரு தரப்பிலும் சேர்த்து ஆயிரக்கணக்கானோர். படகுகளில் ஆற்றைக் கடந்து வந்து தாக்கிய கூலின்கள் முறியடிக்கப்பட்டு நீருக்குள் விரட்டப்பட்டனர். படகுகள் கவிழ்ந்தன, நீரில் தத்தளித்தவர்கள்மீதும் கல்லெறி நிற்கவில்லை. இருபது பேரளவில் மாண்டனர்.

இதைக் குடிவெறி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆண்டவர்கள் அப்படித்தான் பார்த்தனர். ஆனால் அதே ஆண்டுகளில் அயர்லாந்தின் பிற பகுதிகளில், தாங்கள் சேராத திருச்சபைக்குப் பத்தில் ஒரு பங்கு வரி கட்ட மறுத்து மக்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்கும் வரிக்கும் நடுவே நசுங்கியவர்களின் சினம் இங்கே பக்கத்து ஊரான்மேல் பாய்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. மிராசுதாரர் அடிபடவில்லை, குத்தகைதாரனைக் குத்தகைதாரன் கொன்றான்.

1858இல் பந்தயம் லிஸ்டோலுக்கு வந்தது. கலவரத்தின் கெட்ட பெயரை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் இந்த இருபத்து நான்கு ஆண்டுகளின் நடுவே பெரும் பஞ்சம் நிகழ்ந்துவிட்டது. 1845இல் உருளைக்கிழங்கு அழுகத் தொடங்கியபின் மாண்டவர் பத்து லட்சம். கப்பலேறியவரும் அதற்குக் குறைவில்லை. தடி பிடித்த கூலிகளும் துண்டுநிலக்காரர்களும்தான் அவர்களில் மிகுதி. லிஸ்டோல் திடலில் அமைதி நிலவியதற்குக் காவல் மட்டும் காரணமில்லை. சண்டையிடப் பழைய கூட்டமே அங்கில்லை.

பழைய களத்தையும் புதிய களத்தையும் இணைப்பதுபோல் 1888இல் லிஸ்டோலுக்கும் பாலிபனியனுக்கும் இடையே லார்டிக் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடத் தொடங்கியது. இருபுறமும் எடை சமமாக இருந்தாலொழிய நகராத வண்டி. ஒரு பசுவை ஏற்ற மறுபுறம் இரு கன்றுகளை ஏற்றினார்கள் என்றொரு ஊர்க்கதை உண்டு. 1924இல் அது நின்றுபோனது.

லிஸ்டோல் இன்று எழுத்தாளர்களின் ஊர் என்றும் அறியப்படுகிறது. நாடகாசிரியர் ஜான் பி. கீன் அங்கே மதுக்கடை நடத்தியவர். 1965இல் அரங்கேறிய அவரது 'தி ஃபீல்டு' ஒரு துண்டு நிலத்துக்காக நிகழும் கொலையைச் சொல்லும் நாடகம். பந்தய வாரத்தில் அவரது கடைக்கு வந்து குடித்த உழவர்கள் அந்த நிலவெறியை நன்கு அறிந்தவர்கள்.