கோவேறு கழுதை சுமந்த அறுவைக்கூடம்

செவிலியர் கல்லூரியில் அவசர சிகிச்சைப் பாடம் எடுத்த காலத்தில், நார்மன் பெத்யூனைப் பற்றிச் சொல்லாமல் ஒரு வகுப்பையும் நான் அனுப்பியதில்லை. கனடாவின் அறுவை மருத்துவர். 1938இல் சீனா போனவர். வட சீன மலைகளில் ஜப்பானியரை எதிர்த்த படையில், முறையாகப் படித்த மருத்துவர்கள் மிகக் குறைவு. அங்கிருந்த மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர ஒரு மாதிரி மருத்துவமனையை அமைத்தார். கொஞ்ச நாளிலேயே ஜப்பானியப் படை அதை அழித்தது.

அதன்பின் அவர் எடுத்த முடிவுதான் எனக்குப் பெரிது. காயம்பட்டவன் மருத்துவரைத் தேடி வரக் கூடாது. மருத்துவர்தான் அவனிடம் போக வேண்டும். கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றுவதற்கென்றே ஒரு மரச்சட்டம் செய்தார். கத்தி, மருந்து, கட்டுத்துணி எல்லாம் அதில் அடங்கின. பாடநூலையும் தானே எழுதினார். அறுவையின்போது விரலில் பட்ட வெட்டு, 1939 நவம்பரில் அவர் உயிரையே வாங்கிவிட்டது.

அவர் பெயரைத் தாங்கிய மருத்துவமனைக்கு 1941இல் தலைவரானவர் சோலாப்பூர்க்காரர் துவாரகாநாத் கோட்னிஸ். இந்திய தேசிய காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் ஒருவர். சீனம் கற்று, சீனத்திலேயே மாணவர்களுக்கு அறுவைப் பாடம் நடத்தினார். கையில் மருந்து இல்லாத நாட்களிலும் வகுப்பு நிற்கக் கூடாது என்று நினைத்தவர்கள் இவர்கள் இருவரும். கோட்னிஸ் 1942 டிசம்பர் 9இல் இறந்தார், வயது 32.

நம் மருத்துவக் கல்லூரிகளின் பேரிடர்ப் பயிற்சியில் இந்த இருவருக்கும் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.