ராமானுஜன் விட்ட ஒரு எண்



 1887 டிசம்பர் 22இல், நமக்குப் பக்கத்தில் ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தவர் சீனிவாச ராமானுஜன். அவருடைய 1729 எண்ணின் கதை உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது வேறு எண்: 2,93,31,86,25,600.

திருப்பூரில் வேலை செய்பவர்களுக்கு டஜன் கணக்கு புதிதல்ல. பன்னிரண்டு பனியனை 2, 3, 4, 6 பேருக்குச் சமமாகப் பங்கிடலாம். பத்தை 2, 5 பேருக்குத்தான் பங்கிட முடியும். 1ஐயும் 12ஐயும் சேர்த்தால் 12க்கு ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இப்படி, தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுவதை உயர் பகு எண் எனலாம். 24, 36, 48, 60 எல்லாம் இந்த வகைதான்.

இவற்றைப் பற்றி ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். உலகப்போர்க் காலம், கழகத்திடம் பணமில்லை. அதனால் கட்டுரை முழுதாக அச்சாகவில்லை. மிச்சப் பகுதி 1997இல்தான் வெளிவந்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவருக்கு, இந்த ஆய்வை முக்கியமாக வைத்து 1916இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் தந்தது.

அந்தக் கட்டுரையில் 102 உயர் பகு எண்களின் அட்டவணை இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. கடைசி எண் 67,46,32,83,88,800. அந்த வரிசையில் ஒரே ஒரு எண் விட்டுப்போனதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அதுதான் நான் மேலே சொன்ன எண்.

அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வரும். ஒவ்வொன்றுடனும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5040 காரணிகள்! அந்த 5040ம் ஓர் உயர் பகு எண். விட்டுப்போன எண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே வந்துவிடும். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் கை தவறிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய வகுப்பு ஒன்று ஞாபகம் வந்தது. 36இன் காரணிகளை எழுதச் சொன்னேன். ஒரு பையன் 1-36, 2-18, 3-12, 4-9 என்று அழகாக ஜோடி போட்டு எழுதி, ஜோடியில்லாத 6ஐ விட்டுவிட்டான். எட்டு சரி, ஒன்று விடுதல். நான் சுழி போட்டு, எழுந்து நிற்கவும் வைத்தேன்.

ராமானுஜனின் அட்டவணைக்கு யாரும் சுழி போடவில்லை. அவன் கண்ட வழி சரி என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கண்ணு இதைப் படித்தால், வாத்தியாரை மன்னித்துவிடு சாமி.

கடைசியாக ஒரு கேள்வி. 60க்கு 12 காரணிகள், 72க்கும் 12. அப்படியானால் 72 உயர் பகு எண்ணா? காரணத்தோடு எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் சுழி போட மாட்டேன்!