போலீஸ் அனுமதிக்குக் காத்திருந்த டாக்டர்கள்

நோயாளி ஒரு கைதியாகவும் இருந்தால் டாக்டர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? சம்பளம் கொடுக்கும் அரசுக்கா, எதிரே படுத்துக் கிடப்பவருக்கா? உலக மருத்துவ சங்கம் 1975-லேயே டோக்கியோவில் கூடி, சித்திரவதைக்கு டாக்டர் எந்த வகையிலும் துணை போகக் கூடாது, சிகிச்சை விஷயத்தில் முடிவு அவருடையது தான் என்று எழுதி வைத்துவிட்டது. இரண்டே வருடத்தில் தென்னாப்பிரிக்காவில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

ஸ்டீவ் பிக்கோ, நிறவெறி ஆட்சியை எதிர்த்த கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தின் தலைவர். டர்பனில் மருத்துவம் படித்தவர், படிப்பை முடிக்கவில்லை. 1977 ஆகஸ்ட் 18 அன்று கைதானார். போர்ட் எலிசபெத்தில் நிர்வாணமாக, விலங்கு மாட்டி வைத்திருந்தார்கள். செப்டம்பர் முதல் வாரம் நடந்த விசாரணையில் தலையில் பலத்த அடி.

பார்க்க வந்த அரசு மருத்துவர் ஐவர் லாங், கிழிந்த உதடு, வீங்கிய கை கால், குழறிய பேச்சு எல்லாவற்றையும் நேரில் பார்த்தார். ஆனால் எழுதிக் கொடுத்த சான்றிதழில் 'கோளாறு எதுவும் இல்லை'! பிறகு முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரில் ரத்தம் கலந்திருந்தது. லாங்கின் மேலதிகாரி பெஞ்சமின் டக்கர், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். கர்னல் கூசன் முடியாது என்றார். டக்கர் சரி என்று விட்டுவிட்டார். என்னைக் கேட்டால் மொத்த வழக்கும் இந்த இடத்தில் தான் இருக்கிறது. நோய் என்னவென்று தெரியாமல் இல்லை, அனுமதி கேட்டது தான் தவறு.

செப்டம்பர் 11 அன்று லேண்ட் ரோவரின் பின்பக்கம் நிர்வாணமாகக் கிடத்தி, சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளி பிரிட்டோரியா சிறைக்குக் கொண்டு போனார்கள். மருத்துவக் குறிப்பு ஒரு துண்டுச் சீட்டு கூட உடன் போகவில்லை. மறுநாள் இறந்தார். வயது 30.

மரண விசாரணையில் யாரும் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. 1980-ல் மருத்துவ கவுன்சிலும் டாக்டர்கள் மீது தவறில்லை என்றது. சக டாக்டர்கள் சிலர் விடாமல் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் 1985-ல் டக்கரின் பதிவு பறிக்கப்பட்டது. லாங்குக்கு வெறும் கண்டனம், வேலையும் போகவில்லை. (எட்டு வருடம்!) 1991-ல் டக்கர் மன்னிப்புக் கேட்டு மறுபடியும் டாக்டரானார்.

அதே 1985-ல், அதே ஊரில், அதே லாங்கின் கீழ் வேலைக்குச் சேர்ந்தவர் வெண்டி ஓர் என்ற இளம் பெண் மருத்துவர். கைதிகளின் உடம்பில் கண்ட காயங்களை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்து, மேலதிகாரிகளை நம்பாமல் நேராக நீதிமன்றம் போனார். கைதிகளை அடிக்கக் கூடாது என்று செப்டம்பரில் போலீசுக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. அதன்பின் கைதிகளைப் பார்க்க அவரை அனுப்பவே இல்லை.