அப்பாவுக்கு எதிர்வரிசையில்

1957 பொதுத்தேர்தலில் ஒரே குடும்பத்திலிருந்து இருவர் மக்களவைக்குப் போனார்கள். திருச்செங்கோட்டில் வென்றவர் காங்கிரஸ்காரர் பி. சுப்பராயன். கோயம்புத்தூரில் வென்றவர் அவருடைய மகள் பார்வதி கிருஷ்ணன், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. 1959இல் தந்தை ஒன்றிய அரசின் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சரானார். 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதில் முன்னே நின்றவர்களில் தபால், தந்தி ஊழியர்களும் இருந்தார்கள். அரசு அவசரச் சட்டம் போட்டு அதை ஒடுக்கியது. தபால் துறை தந்தையிடம் இருந்தது. தொழிற்சங்கத்தில் வளர்ந்த மகள் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார்.

அரசியல் குடும்பத்துப் பெண் என்றதும் நம் வாயில் வரும் முதல் சொல் 'வாரிசு'. மகனுக்கும் இந்தச் சொல் ஒட்டும். ஆனால் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும், அவன் 'தலைவர்' ஆகிவிடுவான். மகள் கடைசிவரை மகளாகவே இருப்பாள். பார்வதியின் வாழ்க்கையை வைத்து இந்தச் சொல்லை நாம் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

குடும்பம் அவருக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. குமாரமங்கலம் ஜமீன்தாரான சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அண்ணன் பரமசிவ பிரபாகர் பின்னாளில் இராணுவத் தலைமைத் தளபதி; மற்றொரு சகோதரர் மோகன் குமாரமங்கலம் ஒன்றிய அமைச்சர். 1919இல் பிறந்த பார்வதி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். அன்றைய தமிழ்நாட்டில் எத்தனை பெண்களுக்குக் கிடைத்த வாய்ப்பு இது?

இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆண்களின் பதவிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, தாயை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ராதாபாய் சுப்பராயன், மங்களூரில் தலித் மக்களின் கல்விக்காக உழைத்த குத்முல் ரங்கராவின் மகள். சாரஸ்வதப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கொங்கு வேளாளரான சுப்பராயனை மணந்தவர். 1930இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து போன இரண்டு பெண் பிரதிநிதிகளில் ஒருவர். மற்றவர் பேகம் ஷா நவாஸ். சட்டமன்றங்களில் பெண்களுக்குச் சில தேர்தல்கள் வரையாவது இடங்களை ஒதுக்க வேண்டும் என்று இருவரும் கேட்டார்கள். அன்றைய பெரிய பெண்கள் அமைப்புகளோ, சலுகை வேண்டாம், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை போதும் என்றன. 1938இல் ராதாபாய் மத்திய சட்டமன்றத்தின் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த அவையின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். எனவே பார்வதியை வாரிசு என்றால், தாயின் வாரிசு என்றும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் மகள் தாயின் பாதையிலும் போகவில்லை. இங்கிலாந்தில் படிக்கும்போதே கம்யூனிசத்தின் பக்கம் வந்தவர், கட்சித் தோழரான என்.கே. கிருஷ்ணனை மணந்தார். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தந்தை சென்னை மாகாணத்தின் உள்துறை அமைச்சர். கம்யூனிஸ்டுகளைக் காவல்துறை தேடித் தேடிக் கைது செய்துகொண்டிருந்த காலம் அது. வீட்டின் செல்வாக்கு அவருடைய கட்சிக்குக் கவசமாக இருக்கவில்லை. கோவைப் பஞ்சாலைத் தொழிலாளர்களிடையே அவர் செய்த வேலைதான் வாக்காக மாறியது.

1954இல் மாநிலங்களவை, 1957இல் மக்களவை, 1962இல் தோல்வி. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. 1973 மே 31 அன்று டெல்லியில் நடந்த விமான விபத்தில் மோகன் குமாரமங்கலம் இறந்தார். அதே விமானத்தில் கோவைத் தொகுதியின் கம்யூனிஸ்ட் உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் இருந்தார். காலியான கோவைக்கு 1974இல் இடைத்தேர்தல் வந்தது. சகோதரனைப் பறித்த விபத்தே திறந்துவிட்ட தேர்தலில் பார்வதி நின்று வென்றார்.

அடுத்து வந்தது நெருக்கடி நிலை. அவருடைய கட்சி இந்திரா காந்தியின் பக்கம் நின்றது. தந்தைக்கு எதிர்வரிசையில் உட்காரத் துணிந்தவர் அந்த இருண்ட மாதங்களில் கட்சியை விட்டு விலகவில்லை. பெண் என்பதற்காக இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டால் அது வரலாறு ஆகாது, புகழுரை ஆகிவிடும். 1977இல் நாடு முழுவதும் கட்சிக்குக் கிடைத்த 7 மக்களவை இடங்களில் கோவையும் ஒன்று. 1980இல் தொகுதி தி.மு.க.விடம் போனது. 2014இல் கோவையில் அவர் மறைந்தார். 2024 தேர்தல் வரை கோவை மக்களவைக்கு அனுப்பிய ஒரே பெண் அவர்தான்.

இந்தக் கடைசித் தகவலில்தான் நமக்கான கேள்வி இருக்கிறது. கோவை ஆலைகளில் நூல் சுற்றிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய கோரிக்கை நாடாளுமன்றம் போனது, அவர்களில் ஒருத்தி போகவில்லை. கோரிக்கையைச் சுமந்து போக ஜமீன் வீட்டில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஒருவர் தேவைப்பட்டார். அவர் அதை நேர்மையாகச் செய்தார் என்பது உண்மை. கதவு அவரைப் போன்றவர்களுக்கு மட்டுமே திறந்தது என்பதும் உண்மை.

திருவண்ணாமலை மக்களவைத் தொகுதிக்கான வேட்புமனுவை வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். 2009இல் தொகுதி மீண்டும் உருவானபின் 4 தேர்தல்கள் நடந்திருக்கின்றன. வென்ற பெண் ஒருவர், 2014இல் அ.தி.மு.க.வின் வனரோஜா. 2024இல் தமிழ்நாட்டின் 39 இடங்களில் வென்ற பெண்கள் 5 பேர். அவர்களில் கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன் இருவரும் அரசியல் குடும்பத்தினர். அதே ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊராட்சித் தலைவிகளும் வந்து போயிருக்கிறார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்பது தமிழ்நாட்டில் சட்டம். தலைவி கையெழுத்துப் போட, கணவர் பேசுகிற காட்சி எந்த மாவட்டத்திலும் புதிதல்ல. ஆனால் தானே பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எந்தக் கட்சி டெல்லிக்கு அனுப்புகிறது?

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு என்ற சட்டம் 2023இல் நிறைவேறியது. ராதாபாய் கேட்டு 90 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த இடங்கள் வரும்போது தலைவர்களின் மகள்களும் மனைவிகளும் நிற்பார்கள், நிற்கட்டும். அவர்களிடம் யார் மகள் என்று கேட்பதைவிட, எந்த வரிசையில் உட்காருவீர்கள், யாருக்காகப் பேசுவீர்கள் என்று கேட்கலாம். கட்சிகளிடம் கேட்க வேண்டியது வேறு: ஊராட்சியில் 5 ஆண்டு பழகிய பெண்ணுக்கு வேட்புமனு ஏன் இல்லை?