உயிர்காப்புப் படகைச் சுமந்த சக்கரங்கள்

பிரித்தானியக் கரையோரத்தில் உடைந்த கப்பல்களிலிருந்து மனிதரை மீட்ட உயிர்காப்புப் படகுகளின் வரலாறு, பெரும்பாலும் படகின் அமைப்பையும் அதில் துடுப்பு வலித்தோரின் துணிவையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அப்படகைக் கொட்டிலிலிருந்து அலைவாய் வரை கொண்டுசேர்த்த வண்டிக்கு அவ்வரலாற்றில் உரிய இடம் கிடைக்கவில்லை. துறைமுகமில்லாத திறந்த கரையில், பல டன் எடையுள்ள ஒரு படகு எந்த இடத்தில், எவ்வளவு விரைவில் நீரில் இறங்க முடியும் என்பதைத் தீர்மானித்தது அந்த வண்டியே.

1789ஆம் ஆண்டில் டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் 'அட்வெஞ்சர்' என்னும் கப்பல் தரைதட்டி, கரையில் திரண்டு நின்ற மக்களின் கண்ணெதிரே மாலுமிகள் மாண்டபோது, கொந்தளிக்கும் கடலைத் தாங்கும் படகுக்குப் பரிசு அறிவிக்கப்பட்டு, ஹென்றி கிரேட்ஹெட் கட்டிய 'ஒரிஜினல்' 1790இல் சவுத் ஷீல்ட்ஸில் நீரிறங்கியது. 1824இல் வில்லியம் ஹில்லரியின் முயற்சியால் ஒரு தேசிய அமைப்பு உருவாகி, 1854இல் அது ராயல் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. அந்நிறுவனம் மிகப் பெரிய படகுகள் நீங்கலாகப் பெரும்பாலானவற்றுக்குத் தனி வண்டியொன்றை வழங்கியது.

அவ்வண்டியின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. படகின் ஏரா, அதாவது அடிப்புறத்தில் நீளவாக்கில் ஓடும் முதன்மை மரம், வண்டியின் நடுச்சட்டத்தில் உருளைகள் மீது அமர்ந்திருக்க, அணியம் எனப்படும் படகின் முன்முனை வண்டியின் பின்பக்கத்தை நோக்கியிருந்தது. கரையை அடைந்ததும் குதிரைகளைக் கொண்டு வண்டியைத் திருப்பி, அதன் பின்பக்கம் முதலில் நீருக்குள் செல்லுமாறு தள்ளுவர். படகோட்டிகள் ஏற்கெனவே துடுப்புகளை ஏந்தி இருக்கைகளில் அமர்ந்திருப்பர். அமரத்தில், அதாவது பின்முனையில், தாமே கழன்றுகொள்ளும் கொக்கிகளில் மாட்டப்பட்ட வடங்கள் வண்டியின் கடைக்கோடியிலுள்ள கப்பிகள் வழியே கரைக்குத் திரும்பிவர, அவற்றைக் கரையில் நின்றோர் இழுத்த வேகத்தில் படகு உருளைகள் மீது பாய்ந்து அலையை நேர்முகமாகச் சந்தித்தது. அலை பக்கவாட்டில் தாக்கிப் படகைப் புரட்டுவதற்கு முன்பே துடுப்புகள் நீரைப் பற்றிவிட வேண்டும் என்பதே இவ்வளவு ஏற்பாட்டுக்கும் காரணம். படகு மீண்டபோது, முன்சக்கரங்களைக் கழற்றிச் சட்டத்தைச் சாய்தளமாக்கி அதன் மீது ஏற்றினர்.

எல்லாக் கரைக்கும் இந்த வண்டி பொருந்தவில்லை. கென்ட் மாவட்டத்து டஞ்சனெஸ் போன்ற செங்குத்தான கூழாங்கல் கரைகளில் சக்கரம் புதைந்துவிடுமாதலால், குறுக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி அவற்றின் மீது படகை வழுக்கி இறக்கினர். கட்டைகளை எடுத்துவைக்கும் கடும் உழைப்பை அவ்வூர் மீனவக் குடும்பப் பெண்களே தலைமுறைகளாகச் செய்து வந்தனர்.

வண்டியின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டிய நிகழ்ச்சி டெவன் மாவட்டத்து லின்மவுத்தில் நடந்தது. 1899 ஜனவரி 12ஆம் நாள் மாலையில் 'ஃபாரஸ்ட் ஹால்' என்னும் மூன்று பாய்மரக் கப்பல் போர்லாக் வளைகுடாவில் தத்தளிப்பதாகத் தந்தி வந்தபோது, லின்மவுத் கரையில் புயலின் சீற்றத்தால் 'லூயிசா' படகை இறக்க இயலவில்லை. படகின் தலைவர் ஜாக் குரோகோம் அதனைத் தரைவழியே போர்லாக் வியருக்குக் கொண்டுசென்று இறக்கத் துணிந்தார். நான்கடிக்கு ஓரடி உயரும் கவுன்டிஸ்பரி மேட்டில் ஏறுகையில் சக்கரமொன்று கழன்றது. குறுகிய சந்து ஒன்றில் வண்டி நுழைய முடியாதபோது, அதனைப் பொட்டல் வழியே சுற்றிக் கொண்டுசென்று, படகை மட்டும் சறுக்குக் கட்டைகள் மீது இழுத்தனர். போர்லாக் இறக்கத்தில் அதே பாரம் கீழே பாயாதவாறு பின்னிருந்து வடம் பிடித்துத் தாங்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 13 மைல் தொலைவைக் கடந்து மறுநாள் காலையில் படகு நீரிறங்கியது. கப்பலிலிருந்தோர் அனைவரும் உயிர் தப்பினர். களைப்பால் நான்கு குதிரைகள் இறந்தன. மனித உறுதியின் சான்றாகவே போற்றப்படும் அவ்விரவில், சக்கரத்தை மீண்டும் பொருத்தியவர்களின் கைத்திறனும் அதே மதிப்புக்குரியது.

இளமணலில் சக்கரம் புதைவதைத் தடுக்க, அதன் வட்டத்தைச் சுற்றிக் கீல்களில் அகன்ற தகடுகளைப் பொருத்தும் முறையும் கையாளப்பட்டது. சக்கரம் உருள உருள ஒவ்வொரு தகடும் மணலில் படிந்து பாரத்தைப் பரப்பியது. பண்ணைகளில் இயந்திரங்கள் பெருகி, அவசர வேளையில் குதிரை கிடைப்பது அரிதாகவே, 1920இல் நார்ஃபோக் கரையிலுள்ள ஹன்ஸ்டன்டனில் டிராக்டர் சோதித்துப் பார்க்கப்பட்டு, படிப்படியாக மற்ற நிலையங்களுக்கும் பரவியது.

நெதர்லாந்தின் அமலாண்ட் தீவில் குதிரைகள் நெடுங்காலம் நீடித்தன. 1979 ஆகஸ்ட் 14 அன்று படகை நீரிறக்கும்போது எட்டுக் குதிரைகள் மூழ்கி இறந்தன. ஆயினும் அம்முறை 1988 வரை கைவிடப்படவில்லை. மனித உயிருக்காக மடிந்த அக்குதிரைகளையும் கடல்மீட்பு வரலாறு தன் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பெண்கள் கட்டை பரப்பிய அதே டஞ்சனெஸில் 2014 முதல், சுமார் 18 டன் எடையுள்ள 'ஷானன்' வகைப் படகைச் சங்கிலித் தடத்தில் ஓடும் டிராக்டரும், படகை ஏந்தியவாறே சுழலும் தொட்டில் பொருத்திய வண்டியும் கடலுக்குக் கொண்டுசெல்கின்றன.