மிக்கி மவுஸ் முதல் மாரியோ வரை: சீட்டுக்கட்டுக்குள் கார்ட்டூன் வந்தது எப்படி?

சீட்டுக்கட்டை எடுத்தாலே பல வீடுகளில் 'என்ன, சூதாட்டமா?' என்றுதான் கேட்பார்கள். ஜப்பானிலும் ஒரு காலத்தில் இதே நிலைதான். அங்கே சீட்டை குழந்தைகள் கைக்குக் கொண்டுபோக ஒரு நிறுவனம் நம்பியது மிக்கி மவுஸை. அந்த நிறுவனம்தான் இன்று வீடியோ கேமுக்குப் பெயர்போன நிண்டெண்டோ!

நிண்டெண்டோ சீட்டுக் கம்பெனியா?

ஆமாம். 1889-ல் கியோட்டோவில் ஃபுசாஜிரோ யமாவுச்சி இதைத் தொடங்கியபோது தயாரித்தது 'ஹனஃபுடா' என்ற பூச்சீட்டு. 12 மாதங்கள், மாதத்துக்கு 4 என மொத்தம் 48 சீட்டுகள். எண்கள் கிடையாது, பூக்களும் செடிகளும்தான். மார்ச் மாதத்துக்கு செர்ரிப் பூ.

படம் அழகுதான், ஆனா பெயர் கெட்டுப்போயிருந்தது. ஜப்பானிய தாதாக்களைக் குறிக்கும் 'யாகுசா' என்ற சொல்லே, சீட்டில் 8, 9, 3 வந்து தோற்பதிலிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள். கூட்டினால் 20. கடைசி இலக்கம் பூஜ்யம், அதாவது கையில் ஒன்றுமே இல்லை!

1959-ல் என்ன நடந்தது?

1953-ல் ஜப்பானிலேயே முதன்முதலாக பிளாஸ்டிக் சீட்டுகளை நிண்டெண்டோ பெரிய அளவில் தயாரித்தது. சீட்டு நீடித்து உழைத்தது. ஆனால் வாங்குபவர்கள் பெரியவர்கள்தான்.

1959-ல் டிஸ்னி பாத்திரங்கள் அச்சிட்ட சீட்டுகள் வந்ததும் காட்சி மாறியது. குழந்தைகளுக்கான சீட்டு என்ற புது சந்தையே உருவானது, விற்பனை சூடுபிடித்தது. 1962-ல் நிண்டெண்டோ பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது.

படம் எங்கே மாறும்?

52 சீட்டின் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். இல்லாவிட்டால் எதிராளி கையில் இருப்பது தெரிந்துவிடும். முன்பக்கத்தில் எண்ணும் குறியும் சட்டென்று கண்ணில் படணும். அதனால் ஓவியர்கள் அதிகம் விளையாடுவது ராஜா, ராணி, ஜாக்கி என்ற 12 சீட்டுகளில்தான். கூடவே ஜோக்கரும் இஸ்பேடு ஏஸும்.

இன்று யார் வாங்குகிறார்கள்?

ஆடுவதைவிட சேர்த்து வைப்பதற்காகவே வாங்குபவர்கள் ஏராளம். அமெரிக்காவின் தியரி11 நிறுவனம் ஸ்டார் வார்ஸ் கட்டுகளை ஒளிப்பக்கம், இருள்பக்கம் எனப் பிரித்து விற்கிறது. ஹாரி பாட்டரில் நான்கு ஹவுஸ்களுக்கு நான்கு நிறக் கட்டுகள். ஒன்றை வாங்கிய ரசிகர் மற்ற மூன்றையும் தேடுவார்; வியாபார சூட்சுமமே அதுதான்.

பழைய கட்டு வாங்குவோர் பார்ப்பது: சீல் உடையாத பெட்டி, குறைவாக அச்சான பதிப்பு, முறையான உரிமம். ஒரு சீட்டு காணாமல் போனாலும் மதிப்பு சரிந்துவிடும்.

சக்கரம் சுழன்றது

அன்று டிஸ்னியின் முகத்தைக் கடன் வாங்கிய நிண்டெண்டோ, இன்றும் ஹனஃபுடா விற்கிறது. அதில் ஒரு கட்டில் பூக்களோடு நிற்பது, 1981-ல் 'டாங்கி காங்' கேமில் அறிமுகமான அதன் சொந்தப் பிள்ளை மாரியோ!